பாலத்துக்குக் கீழே பழைய நேரம்

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் கிழமையிலேயே ஒருமுறை பயந்துபோவார்கள். பகல் பதினொன்றரை ஆனதும் தங்கரத்தினம் அக்கா தன் வீட்டு விறாந்தையில் நின்று, கைத்தொலைபேசியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் விழுந்த ஆளைக் கூப்பிடுவதுபோலக் கத்துவார்.

"லோஜினி! எங்க பிள்ளை நிக்கிறாய்? நான் நிக்கிறன்! அப்பாவும் நிக்கிறார், சித்தப்பாமாரும் நிக்கினம்! கேக்குதோ?"

அங்கே ஒருவரும் நிற்பதில்லை. அவருடைய புருஷன் சிவகுருநாதன் இறந்து நான்கு வருடமாகிறது. சித்தப்பாமார் என்று எவரும் எப்போதும் இருந்ததில்லை. அக்காவும் சுவரில் ஒரு மணிக்கூடும், வேலிக்கு இந்தப் பக்கம் நானும்தான்.

லோஜினி அவருடைய ஒரே பிள்ளை. போன கார்த்திகையில் இங்கிலாந்துக்குப் போனாள். முதியோர் இல்லம் ஒன்றில் நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் ஆறு மணிக்கு அறையிலிருந்து வெளிக்கிட வேண்டும். ஒரு ரயில் பாலத்துக்குக் கீழால் நடந்து போனால்தான் பஸ் நிற்கிற இடம் வரும். அங்கே ஆறு மணி அடிக்கும்போது எங்களுக்குப் பகல் பதினொன்றரை. எங்களுக்கு வெயில் முகத்தில் அடிக்கும். அவளுக்கோ மார்கழி மாதத்தில் தன் கை தனக்குத் தெரியாத இருட்டு.

போய் இரண்டாம் கிழமை சொன்னாள்.

"அம்மா, அந்தப் பாலத்துக்குக் கீழ ஒருத்தன் நிக்கிறவன். முதல் நாள் நெருப்புப்பெட்டி கேட்டவன். பிறகு ஒண்டும் கேக்கிறேல்ல. நான் போனால் பின்னால வாறான். நான் நிண்டால் நிக்கிறான்."

"பொலிசில சொல்லன் பிள்ளை."

"என்னெண்டு சொல்லுறது? அவன் ஒண்டும் செய்யேல்லையே. வந்த உடனை பிரச்சினைக்காரி எண்டு பேரெடுத்தால், விசா அவங்கட கையில எல்லோ இருக்கு."

அன்றைக்குத்தான் அக்கா இந்த வழியைச் சொன்னார். அறைக் கதவைப் பூட்டும்போதே அழைப்பை எடு, போனைச் சத்தமாகப் போட்டுக் கையில் பிடி, நான் கத்துகிறேன். உன்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எந்தப் பாஷையில் கத்தினால் என்ன, குரல் குரல்தானே.

அது வேலை செய்தது. போனிலிருந்து அக்காவின் குரல் பாலத்தின் வளைவில் முட்டித் திரும்புவது எனக்கே கேட்டது. அந்த ஆள் சுவரோடு சாய்ந்தபடி நின்றுவிடுவானாம், பின்னால் வரமாட்டானாம். தை, மாசி முழுக்க இப்படித்தான் போனது. மாசி முடிய அங்கே விடியல் மெல்ல மெல்ல முந்தி வந்தது. பங்குனி பிறந்ததும் ஆறு மணிக்கே நிலம் தெரிகிறது என்றாள். ஆள் நடமாட்டம் இருக்கிறது, நாயோடு நடக்கிறவர்கள் வணக்கம் சொல்கிறார்கள், அந்த ஆளையும் காணவில்லை. அக்காவின் சத்தமும் குறைந்தது. அழைப்பில் இப்போது என்ன கறி, என்ன குளிர் என்று சாதாரணக் கதைகள் வரத் தொடங்கின.

அப்படி ஒரு வியாழக்கிழமை லோஜினி சொன்னாள். "அம்மா, வாற ஞாயிற்றுக்கிழமை இங்க நேரத்தை மாத்துறாங்களாம்."

நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை தானாகவே போய் விறாந்தைத் தூணைப் பிடித்தது.

"என்னத்துக்கு? அங்க என்ன நடக்குது?"

"ஒண்டும் நடக்கேல்ல. வருசா வருசம் மாத்துறவங்களாம். குளிர் காலத்துக்கு ஒரு நேரம், வெயில் காலத்துக்கு ஒரு நேரம்."

"சண்டை ஏதும் வரப்போகுதோ?"

லோஜினி சிரித்தாள். "ஐயோ அம்மா. பின்னேரத்தில வெளிச்சம் கூட வேணுமாம், அதுக்குத்தான்."

"வெளிச்சம் வேணுமெண்டால் லைற்றைப் போடட்டுமன். மணிக்கூட்டில ஏன் கை வைக்கினம்?"

"எனக்கு ஒண்டும் மாறாது. அதே ஏழுக்கு வேலை, அதே ஆறுக்கு வெளிக்கிடுறன். பஸ் வந்திட்டுது, வைக்கிறன்."

அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. தூணையும் விடவில்லை.

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. அக்காவைப்போல ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் சீவித்த ஆட்களுக்கு நேரம் என்பது சும்மா ஒரு கணக்கு அல்ல. தொண்ணூற்றாறாம் ஆண்டு மழை இல்லை, மின்சாரம் இல்லை என்று நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதில் பாதியைத் திருப்பி எடுத்தார்கள். மிஞ்சிய அரை மணித்தியாலம் பத்து வருடம் நின்றது. ஆனால் அந்த நேரம் எல்லா இடத்துக்கும் போகவில்லை. அரசாங்கத்தின் கைக்குள் இல்லாத, அக்காவின் ஊர் இருந்த பக்கத்தில் பழைய நேரமே ஓடியது. டவுனில் ஆறு மணி என்றால் அங்கே ஐந்தரை. கலியாணத்துக்குச் சொன்னாலும் செத்த வீட்டுக்குச் சொன்னாலும், நேரத்தைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி ஒன்று வரும்: "பழைய நேரமோ, புது நேரமோ?" கேட்காமல் விட்டவர்கள் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேருவார்கள்.

அக்கா ஒருமுறை கேட்காமல் விட்டார்.

லோஜினிக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல் இறங்கவில்லை என்று டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் கட்டியிருந்தது புருஷனுடைய மணிக்கூடு, பழைய நேரம். சோதனைச் சாவடி ஐந்துக்குப் பூட்டும். தன் கையைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு கடையில் இருந்து பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்திருக்கிறார். சாவடிக்கு வந்தபோது கம்பியை இழுத்துவிட்டார்கள். கைப்பிள்ளையைக் கண்டு, நீண்ட கதைக்குப் பிறகு ஒருவன் கம்பியைத் தூக்கினான். ஆனால் அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றுகிற உழவு மெசின்பெட்டி போய்விட்டது. நடுவில் ஒருவரும் குடியிருக்காத பற்றைக்காடு. தடத்தை விட்டு ஒரு அடி விலகினால் மிதிவெடி, தடத்தில் நின்றால் யானை. பொழுது கருகிக்கொண்டு வந்தது.

"நான் அழுததும் இல்லை, கத்தினதும் இல்லை" என்று அக்கா எனக்கு ஒருநாள் சொன்னார். "பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். அப்பதான் அந்தாளின்ர குரல் கேட்டது."

சிவகுருநாதன் வயல் காவல்காரர். பரணில் இருந்து இரவிரவாக அடுத்த பரணுக்குக் குரல் கொடுத்துப் பழகியவர். அந்த ஊரில் அது வழமை. யானைக்கும் பன்றிக்கும் மனிதர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், பக்கத்துக் காவல்காரனுக்கும் தான் தனியாக இல்லை என்று தெரிய வேண்டும். அந்தப் பக்கத்துக் காவலில் நின்றவர்கள் அவரைக் காட்டுக்குள் விடவில்லை. அதனால் அந்தக் கரையில் நின்றுகொண்டு கத்தினார். சொல்ல ஒன்றும் இல்லாமல் மாடுகளின் பெயரைக் கத்தினார். மாமியாரைத் திட்டினார். "தங்கம், குரலைப் பிடிச்சு வா! உன்ர கொம்மா வைச்ச புளிக்கறியை விடவோ யானை பெரிசு? வா!" அக்கா அந்தக் குரலை நோக்கி நடந்தார். வந்து சேர்ந்தபோது புருஷனுக்குத் தொண்டை கட்டி, ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு கிழமை கையால்தான் கதைத்தாராம்.

பிறகு இரண்டாயிரத்து ஆறு சித்திரையில், அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்பிப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தது. ஊரில் சந்தோஷப்பட்டார்கள், இனி ஒரு நேரம்தான், கேள்வி இல்லை என்று. அந்தச் சித்திரை முடிய முதலே வானத்தால் குண்டு விழத் தொடங்கியது. அக்கா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சோற்றுப்பானையுமாக ஓடினார். ஓடி ஓடிக் கடைசியில் பாலையூற்றில் வந்து நின்றார். அதனால் அவர் மணிக்கூட்டில் கை வைக்கவே மாட்டார். சுவர் மணிக்கூட்டுக்குப் பட்டறி மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை அவர் இராகுலன் சேரிடம் கேட்டார். நானும் அக்காவும் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் இடைவேளைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறோம். இராகுலன் அங்கே சமூகக்கல்வி படிப்பிக்கிற வாத்தியார். கேட்டால் போதும், கரும்பலகை இல்லாமலே பாடம் தொடங்கிவிடுவார்.

"அது பழைய கதையக்கா. இங்கிலாந்தில ஒரு கட்டடக்காரர் விடியக் குதிரையில போகேக்க, சூரியன் வந்தும் சனம் யன்னலைப் பூட்டிக்கொண்டு நித்திரை கொள்ளுறதைப் பாத்தவராம். வெளிச்சம் வீணாப் போகுதெண்டு அவருக்குக் கவலை. மணிக்கூட்டை முன்னுக்கு வையுங்கோ எண்டு ஊரூராச் சொல்லித் திரிஞ்சார். ஒருத்தரும் கேக்கேல்ல. முதலாம் உலகப்போர் வந்திது, ஆளும் செத்திட்டார். ஜெர்மன்காரன் நிலக்கரியை மிச்சம் பிடிக்க நேரத்தை மாத்தினான். உடனை இங்கிலாந்தும் மாத்தினது."

"போரிலயோ தொடங்கினது?" என்றார் அக்கா.

"ஓம். இஞ்சயும் மாத்தினவங்களெல்லோ, ரெண்டாம் போர் நேரம். நாப்பத்திரண்டு தொடக்கத்தில."

"நாப்பத்திரண்டோ? யப்பான்காரன் எங்கட டவுன் ஹாபருக்குக் குண்டு போட்டது எப்ப?"

சேர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நாப்பத்திரண்டுதான். சித்திரை மாசம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

"அக்கா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. போர் வந்தபடியாத்தான் நேரம் மாத்தினது. நேரம் மாத்தினபடியா போர் வரேல்ல."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்டாத்தானே சேர் வந்திது" என்றார் அக்கா, அகப்பையைக் கழுவியபடி.

ஞாயிற்றுக்கிழமை லோஜினிக்கு வேலை இல்லை. அன்று பின்னேரம் அக்கா வேலியடிக்கு வந்து கணக்குச் சொன்னார். அவர்கள் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினால் அவர்களுடைய ஆறு மணி எங்களுக்கு முந்தி வரும். டவுனின் ஆறு எங்கள் ஐந்தரைக்கு வந்ததுபோல. அப்படியென்றால் பதினொன்றரைக்கு வருகிற அழைப்பு இனிப் பதினொன்றுக்கு வரும். பள்ளிக்கூடத்தால் பத்தே முக்காலுக்குத் திரும்பிவிடலாம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நேரம் மாற்றுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அரை மணித்தியாலம்.

திங்கட்கிழமை கீரைப் பருப்பும் நெத்தலிப் பொரியலும். முனீப்பின் ஓட்டோவில் பானைகளை ஏற்றிக்கொண்டு போனோம். முனீப் கிண்ணியாக்காரர், எங்கள் ஒழுங்கை முனையில்தான் ஓட்டோ நிறுத்துவார். வழமைபோல அக்காவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பழைய போன், அழைப்பு வருகிற நேரம் பட்டறி நிறைந்திருக்க வேண்டும் என்று காலை முழுக்கச் செருகி வைத்திருப்பார். இடைவேளை மணி அடித்தது, பிள்ளைகள் கோப்பையோடு வந்தார்கள், அக்கா பருப்பு ஊற்றினார். ஒரு அவசரமும் இல்லை. அகப்பையைத் துடைக்கும்போது, இன்றைக்கு லோஜினியிடம் நெத்தலி கதையைச் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று ஆக இன்னும் சில நிமிடம் இருந்தது. அக்கா போனைக் கழற்றினார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

லோஜினியின் அழைப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிவப்பாக. முதலாவது பத்தரைக்கு வந்திருந்தது. கடைசியில் ஒரு குரல் பதிவு. நான் அதை அமத்தினேன்.

லோஜினியின் குரல் பெரிதாக, சிரித்தபடி வந்தது. "ஓம் அம்மா... ஓம் ஓம்... அப்பாவும் பக்கத்தில நிக்கிறாரோ?... சித்தப்பாமாரும் வந்திட்டினமோ? சரி சரி... இல்லையில்லை, வைக்காதேங்கோ, கதையுங்கோ..." ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு, மறுபக்கத்தில் யாரோ பதில் சொல்வதுபோல இடம் விட்டுக் கதைத்தாள். அந்த இடங்களில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. மெல்லிய குரலில், எங்களுக்கு மட்டும் சொல்வதுபோல, "அம்மா, இருட்டாக் கிடக்கு. அவன் நிக்கிறான். போனை எடுங்கோவன்." அவ்வளவுதான், பதிவு அறுந்துவிட்டது.

நான் திருப்பி அழைத்தேன். அடிக்கவே இல்லை. "கோலிங்" என்றே நின்றது. ஒரு செய்தி எழுதினேன். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது. அந்தப் பக்கத்துப் போன் உயிரோடு இருந்தால் இரண்டு சரி விழும்.

"ஏன் ஒண்டு?" என்றார் அக்கா.

"போன் நிண்டிருக்கக்கா."

"நிண்டதோ, நிப்பாட்டினதோ?"

எனக்கு எப்படித் தெரியும்? அக்கா போனை என் கையிலிருந்து பறித்தார். பதிவு பண்ணுகிற இடத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார். "லோஜினி! நான் வந்திட்டன்! நான் நிக்கிறன்! குரலைப் பிடிச்சு வா!" விரலை எடுத்தார். ஒற்றைச் சரி. திரும்ப அமத்தினார். சொல்ல ஒன்றும் இல்லாமல் தென்னை மரத்தைச் சொன்னார், எங்கள் வீட்டுப் பூனையைச் சொன்னார், நெத்தலிக்கு உப்புக் கூடிப்போனதைச் சொன்னார். ஒற்றைச் சரி, ஒற்றைச் சரி, கீழே கீழே அடுக்காக. அவருடைய குரல் போகிற வழியில் எங்கேயோ அப்படியே தேங்கி நின்றது.

முனீப் ஓட்டோவில் மறந்துபோன மூடியைக் கொடுக்க வந்தார். "என்னக்கா, சிங்கப்பூருக்குக் கேக்கிற மாதிரிச் சத்தம்" என்று பகிடியோடு படலையைத் திறந்தவர், அக்காவின் முகத்தைக் கண்டதும் மூடியை நிலத்தில் வைத்தார். "என்ன நடந்த?"

நான்தான் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு சொற்களை நான் கதைத்தது குறைவு.

"அவ வேலை செய்யிற இடத்துக்கு அடிச்சுக் கேட்டீங்களா?"

"இங்கிலிஸ் ஆருக்குத் தெரியும்?"

"சேர் இரிக்காரே. ஏறுங்க, ஏறுங்க."

இராகுலன் சேர் வகுப்பை விட்டு வெளியே வந்தார். முதியோர் இல்லத்தின் பெயரை அக்கா எழுத்தெழுத்தாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். சேர் தன் போனில் இலக்கத்தைத் தேடி எடுத்தார். அடிக்கும் முதல் ஒரு கேள்வி கேட்டார்.

"அழைப்பு எத்தினைக்கு வருமெண்டு நினைச்சனீங்களக்கா?"

"பதினொண்டுக்கு. அரை மணித்தியாலம்தானே மாத்துறது."

"அவங்கள் ஒரு மணித்தியாலமெல்லோ மாத்துறவங்கள்."

அக்கா படியில் இருந்துவிட்டார். "ஒண்டோ? எங்கட ஆக்களுக்கே ஒண்டு தாங்கேலாமல் பாதியைத் திருப்பித் தந்தவங்கள்." குரல் நூல்போல வந்தது. "சேர், அப்ப அவளின்ர ஆறு மணி..."

"போன கிழமை அஞ்சு மணி" என்றார் சேர். "விடியச் சுணங்கும். திரும்ப இருட்டுத்தான்."

பங்குனி முழுக்க நாளுக்குக் கொஞ்சமாக அவளுடைய பாதைக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தை ஒரே இரவில் எடுத்துப் பின்னேரத்துக்கு வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பழைய மார்கழி இருட்டு. அந்த ஆளும் திரும்பி வந்துவிட்டான். வெளிச்சத்தில் நிற்க மாட்டாதவன் அவன்.

சேர் கதைத்தது எனக்கு விளங்கவில்லை. அவருடைய காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சாதாரணமாக இருந்தது, பிறகு சிவந்தது. நன்றி சொல்லி வைத்தார். அக்காவைப் பார்க்காமல், விளையாட்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்க ஏழு தாண்டிட்டுது. இன்னும் வரேல்லையாம்."

வகுப்பில் பிள்ளைகள் சேர் இல்லாத சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார்கள். முனீப் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அக்கா அழவில்லை. சீலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு இருந்தார். அந்தப் பற்றைக்காட்டில் பிள்ளையின் வாயைப் பொத்தியபடி நின்றதும் இப்படித்தான் என்று எனக்குப் பட்டது. இப்போது அந்தக் கரையில் கத்துவதற்கு ஆள் இல்லை.

அக்காவின் போன் என் மடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசி ஒற்றைச் சரிக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. மேலே உள்ளதிலும் விழுந்தது. மேலே, மேலே. எல்லாம் இரண்டாகின. பிறகு முதலாவது நீலமானது.

"அக்கா" என்றேன்.

அழைப்பு வந்தது. லோஜினி குசுகுசுத்தாள். உடுப்பு மாற்றுகிற அறையில், போனைச் சுவரில் செருகியபடி நிற்கிறாளாம்.

"அம்மா, நான் வந்திட்டன். ஒண்டும் இல்லை. அழாதேங்கோ."

"நான் அழேல்ல. எங்கயடி நிண்டனி?"

"பாலத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பிட்டன். நீங்கள் இல்லாமல் போக ஏலாமப் போச்சு. ஒரு மணித்தியால நித்திரையைக் களவெடுத்திட்டாங்களெல்லோ, ராத்திரி போனைச் செருகாமல் படுத்திட்டன். கதைச்சுக்கொண்டு நிக்கேக்க செத்திட்டுது. ஆனால் செத்த போனைக் காதில வைச்சபடி, ஒரு பூட்டின கடை லைற்றுக்குக் கீழ நிண்டு கதைச்சுக்கொண்டே இருந்தனான். விடியும்வரைக்கும். பழைய நேரம் வந்தாப் பிறகுதானம்மா பாலத்தைத் தாண்டினனான்."

அக்கா போனை நெஞ்சோடு பிடித்தார். பிறகு எடுத்துக் கேட்டார். "பிந்திப் போனதுக்கு என்ன சொன்னவை?"

"நேரம் மாறினதெண்டு இந்தமுறை விட்டிட்டினம். இன்னொருக்கால் பிந்தினால் யோசிக்க வேண்டி வருமாம்."

"வேற றோட்டு இல்லையோ?"

"இருக்கு. அது இன்னும் தூரம், வீடும் இல்லை, லைற்றும் இல்லை."

"எத்தினை நாளைக்கு இருட்டு?"

"சித்திரைப் பாதி மட்டும் இருக்குமாம்."

இனி விடியும்வரை காத்து நிற்க முடியாது. நாளைக்கு அவள் அந்த இருட்டுக்குள்ளால் போயே ஆக வேண்டும். அவள் போகிற அந்த நேரம் எங்களுக்குப் பத்தரை. எங்கள் கையில் அகப்பையும் முன்னால் பள்ளிக்கூடம் நிறைந்த பிள்ளைகளும் இருக்கிற நேரம்.

"போனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாங்கோ" என்றார் இராகுலன் சேர். "அதிபரோட நான் கதைக்கிறன்."

செவ்வாய்க்கிழமை முட்டைக் கறியும் பருப்பும். அக்கா இரவு கண் மூடவில்லை என்பது அவருடைய கண்ணில் தெரிந்தது. போனை இரவே சார்ஜில் போட்டுவிட்டார். பருப்புப் பானைக்குப் பக்கத்தில், முட்டைச் சட்டியின் மூடியில் அதைச் சாய்த்து வைத்தேன். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கொஞ்சத்தில் போன் அடித்தது. நான் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"அம்மா, கதவைப் பூட்டிட்டன்."

"நான் நிக்கிறன் பிள்ளை! நட!" என்று கத்தினார் அக்கா. வரிசையின் முன்னால் நின்ற பிள்ளை பயந்து ஒரு அடி பின்னால் போனது.

அக்கா பருப்பு ஊற்றினார், கத்தினார், ஊற்றினார். ஒரே கோப்பைக்கு இரண்டு தரம் ஊற்றினார். சப்பாத்துச் சத்தம் போனுக்குள்ளால் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் மாறியது. வளைவுக்குக் கிட்ட வரும்போது ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும், மார்கழியிலிருந்து எனக்கு அது பழக்கம்.

"அம்மா" என்றாள் லோஜினி, மெதுவாக. "நிக்கிறான். சுவரோட இல்லை. நடுவழியில நிக்கிறான்."

அக்காவுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. முதல்நாள் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. அதே நேரம், சாப்பாடு கிடைத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நிலத்தில் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். வாயில் சோறு போனால் எந்தப் பள்ளிக்கூடமும் அமைதியாகிவிடும். சத்தம் எங்கள் கண்முன்னே வடிந்துகொண்டிருந்தது.

அக்கா வரிசையைப் பார்த்தார். அரைவாசிக்கு மேலே இன்னும் கோப்பையோடு நின்றது. அவர் அகப்பையைப் பானையிலிருந்து எடுத்தார். ஊற்றவில்லை. உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் நின்றவள் கோப்பையை நீட்டினாள். பிறகு இன்னும் நீட்டினாள். "அன்ரி, பருப்பு." அக்கா அசையவில்லை. "அன்ரி, பருப்பு!" பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏன் நிப்பாட்டினது? பருப்பு முடிஞ்சுதோ? அன்ரி! பருப்பு!" ஒருத்தன் கோப்பையைக் கரண்டியால் தட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் மூடியைத் தூக்கிப் பானையில் அடித்தேன், வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. வழமையாக ஒரு சத்தத்துக்கே பிரம்போடு ஓடிவருகிற இராகுலன் சேர் தூணடியில் நின்று, கை இரண்டையும் தூக்கி இன்னும் இன்னும் என்று காட்டினார். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கூக்குரல் முழுதும் போனுக்குள் போய், தூரத்தில் ஒரு பாலத்தின் வளைவில் முட்டி, உருண்டு திரும்பி வந்தது. பருப்பு, பருப்பு, பருப்பு. அதற்குள் லோஜினியின் சப்பாத்துச் சத்தத்தை நான் தேடினேன். கேட்கவில்லை. அவள் நடக்கிறாளோ நிற்கிறாளோ தெரியவில்லை. அக்காவின் தூக்கிய கையிலிருந்து பருப்பு முழங்கைவரை வழிந்தது. சூடாக இருந்திருக்கும், அவர் கையைக் கீழே விடவில்லை.

பஸ் கதவு திறக்கிற சத்தம் வந்தது. அந்த மூச்சு விடுகிறதுபோன்ற சத்தம்.

"ஏறிட்டன்" என்றாள்.

அக்கா அகப்பையைக் கீழே இறக்கி, முன்னால் நின்றவளின் கோப்பையில் பருப்பை ஊற்றினார். கட்டிய தொண்டையால் அவளிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நாளைக்கும் இப்பிடித்தான் பிள்ளை. நல்லாக் கத்த வேணும்."